வரப்பை வெட்டுவதா, நிலத்தை உயர்த்துவதா: சிசேரியன் தழும்பில் குழி விழுந்த ஒருவரின் நிகழ்வு ஆய்வு

“நின்னுடுது டாக்டர், ஆனா நிக்க மாட்டேங்குது.” முதல் நாள் என் முன்னால் உட்கார்ந்து, தன் மாதவிடாயைப் பற்றி அவர் சொன்னது இதுதான். கேட்கக் குழப்பமாக இருக்கும், ஆனால் இந்தப் பிரச்சினையை இதைவிடச் சரியாகச் சொன்ன பாடப்புத்தகம் எதையும் நான் படித்ததில்லை.

அக்கா என்றே எழுதுகிறேன், நேரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன், என்னைவிட நாலு வயது மூத்தவர். வயது 35. வீடு மலேசியாவின் பினாங்கில், பிறையில், வேலை தீவுப் பக்கம் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில், தினமும் ஃபேக்டரி பஸ்ஸில் பாலம் கடந்து வருகிறவர். ஏழு வயதில் ஒரு மகன். இரண்டாவது குழந்தைக்கு மூன்று வருடமாக முயற்சி செய்கிறார்கள், தங்கவில்லை. அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

மாதவிடாய் ஐந்து நாள் ஒழுங்காக வந்து நின்றுவிடும். ஆறாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொள்வார். ஏழாம் நாளிலிருந்து டீத்தூள் நிறத்தில் கறை ஆரம்பிக்கும், அது எட்டு ஒன்பது நாள் இழுக்கும். வலி பெரிதாக இல்லை, அடிவயிற்றில் ஒரு கனம் மட்டும். 28 நாள் சுழற்சியில் பாதி இப்படியே போய்விடுகிறது, கர்ப்பம் தரிக்கக்கூடிய நாட்களும் இந்தக் கறைக்குள்ளேயே வந்துவிடுகின்றன. ‘கொஞ்சமாத்தானே படுது’ என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் வேலை செய்யும் இடத்தில் தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு, பன்னி சூட் என்பார்கள். கழிப்பறைக்குப் போக அதைக் கழற்ற வேண்டும், திரும்ப மாட்ட வேண்டும், தூசு ஊதும் காற்றறை வழியாகத் திரும்பி லைனுக்கு வர வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் இதற்கு எத்தனை தடவை அனுமதி கேட்பது? அடுத்தது தண்ணீர்மலை முருகன் கோயில். இரண்டாவது பிள்ளைக்காகப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டவர், தொடர்ந்து இரண்டு தைப்பூசம் அந்தக் கறை நாளிலேயே வந்ததால் எடுக்க முடியவில்லை. மாமியார் ஒன்றும் சொல்லவில்லையாம். ஒன்றும் சொல்லாததுதான் கஷ்டமாக இருந்தது என்றார்.

அதற்கு முன் இரண்டு கிளினிக் ஏறி இறங்கியிருக்கிறார். ஒரு இடத்தில் ஹார்மோன் கோளாறு என்று மாத்திரை, இன்னொரு இடத்தில் டென்ஷன் என்று அறிவுரையும் இரும்புச்சத்து மாத்திரையும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, ஏனென்றால் நானும் முதல் தடவை கோட்டை விட்டேன். அன்று அவருக்குச் சுழற்சியின் 24ஆம் நாள். கறை இல்லை, உள்ளே ரத்தத் தேக்கமும் இல்லை. யோனி வழி ஸ்கேன் செய்தேன், தழும்பில் லேசான மடிப்பு மாதிரி தெரிந்தது, ‘சிசேரியன் தழும்பு, மற்றபடி இயல்பு’ என்று எழுதிவிட்டேன். வெளியே போகும்போது அவர்தான் திரும்பி நின்று, “கறை படும்போது பார்த்தா தெரியுமா டாக்டர்?” என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. அடுத்த சுழற்சியின் 9ஆம் நாளில் வரச் சொன்னேன்.

9ஆம் நாள் ஸ்கேனில் சந்தேகமே இல்லை. கருப்பையின் முன்சுவரில், உடலும் கழுத்தும் சேரும் இடத்தில், கருப்பாக ஒரு முக்கோணம், உள்ளே தேங்கிய ரத்தம். ஆழம் 7 மி.மீ. அதற்கு மேல் மீந்திருந்த தசைச்சுவர் 2.1 மி.மீ. பக்கத்தில் பழுதில்லாத சுவர் 11 மி.மீ இருந்தது. கருப்பை பின்பக்கம் மடிந்து கிடந்தது. பிறகு மெல்லிய குழாய் வழியாகக் கொஞ்சம் உப்புநீர் செலுத்திப் பார்த்தபோது குழி இன்னும் விரிந்தது, சுவர் 1.8 மி.மீ என்று வந்தது. இரண்டு ஸ்கேனும் ஒரே ஆள், ஒரே கருவி, வித்தியாசம் நாள் மட்டும். மாதவிடாய் முடிந்த அடுத்த சில நாளில், முடிந்தால் கறை இருக்கும்போதே பார்க்க வேண்டும் என்பதை அன்றுதான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

இதற்கு இஸ்த்மோசீல் என்று பெயர், நிஷ் என்றும் சொல்வார்கள், நான் தழும்புக் குழி என்கிறேன். தழும்பில் குறைந்தது 2 மி.மீ ஆழத்துக்கு உள்வாங்கல் இருந்தால் குழி என்று 2019ல் ஐரோப்பிய நிபுணர் குழு ஒன்று வரையறுத்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் சிசேரியன் ஆன ஏராளமான பெண்களுக்கு இது இருக்கும். சாதாரண யோனி வழி ஸ்கேனில் 24 முதல் 70 சதவீதம், உப்புநீர் செலுத்திப் பார்த்தால் 56 முதல் 84 சதவீதம் என்று ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, அவர்களைத் தொடவே கூடாது. வேறு எதற்கோ ஸ்கேன் செய்யப்போய் குழி தெரிந்தது, தைத்துவிடலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். தழும்பே ரத்தக் கசிவுக்குக் காரணமாகலாம் என்பதை, எடுக்கப்பட்ட கருப்பைகளைச் சோதித்து 1995லேயே ஹியூ மோரிஸ் எழுதினார். கிளினிக் அறைக்குள் அது வந்து சேர ரொம்ப காலம் பிடித்துவிட்டது.

அக்காவுக்கு ஏன் வந்தது? பிரசவக் குறிப்பை வாங்கிப் பார்த்தேன். கருப்பை வாய் முழுதாகத் திறந்து, முக்கி முக்கி, தலை இறங்காமல், நடுராத்திரியில் அவசரமாக அறுவைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் கருப்பையின் கீழ்ப்பகுதி நீண்டு மெலிந்து கழுத்தோடு கலந்திருக்கும், எது உடல் எது கழுத்து என்று கைக்குத் தெரியாது, கீறல் தாழ்ந்துவிடும். கழுத்துப் பகுதியில் சளிச் சுரப்பிகள் உண்டு, அங்கே விழுந்த கீறல் சரியாகக் கூடாது. பின்பக்கம் மடிந்த கருப்பையும் தழும்பை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஒரே ஒரு சிசேரியனிலேயே இவ்வளவு பெரிய குழி.

“அப்போ தையல் போட்டவங்க சரியா போடலையா?” என்று அவர் கணவர் கேட்டார். இந்தக் கேள்வி எல்லாக் குடும்பத்திலும் வரும். ஒரு அடுக்கா, இரண்டு அடுக்கா என்று மருத்துவர்களே பல வருடம் சண்டை போட்ட விஷயம் அது. நெதர்லாந்தில் இரண்டையும் ஒப்பிட்ட ஒரு பெரிய ஆய்வில், ஒன்பது மாதம் கழித்துக் கறைபடும் நாட்களில் வித்தியாசம் இல்லை. அந்த ராத்திரியில் பிள்ளையை உயிரோடு வெளியே எடுத்தார்கள் அண்ணே, அதைப் பாருங்கள் என்றேன்.

குழி என்று தெரிந்ததும் கத்தியை எடுத்துவிடக் கூடாது. மாதவிடாய்க்கு நடுவே கறை என்றால் கருப்பை வாய்ப் புற்று முதற்கொண்டு பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி, கட்டி, தைராய்டு வரை ஒவ்வொன்றும் இல்லை என்று தள்ளிவிட்டு வர வேண்டும். எல்லாம் பார்த்தோம். கருப்பை வாய்ச் சோதனை சுத்தம், கருப்பை உள்படலத்துத் துண்டும் சுத்தம், தைராய்டு சரி, கருக்குழாய் இரண்டும் திறந்திருந்தன, கணவரின் விந்துச் சோதனை இயல்பு. ஹீமோகுளோபின் மட்டும் குறைவு, 10.4.

வழிகள்

என்னென்ன செய்யலாம் என்று தாளில் படம் போட்டுத்தான் விளக்கினேன். அவர் அப்பா கெப்பாலா பத்தாஸ் பக்கம் நெல்வயலில் வேலை பார்த்தவர், அதனால் வயல் கணக்கிலேயே பேசினோம். கருப்பை ஒரு சரிவான நிலம், குழி அதில் ஒரு பள்ளம், பள்ளத்தின் கீழ் ஓரத்தில் வரப்பு மாதிரி ஒரு மேடு. மாதவிடாய் ரத்தம் வடிந்து போகும்போது அந்த வரப்பில் முட்டிப் பள்ளத்தில் தேங்குகிறது. பள்ளத்தில் இருக்கும் பலவீனமான ரத்தக் குழாய்களும் தானே கசிகின்றன. பிறகு ஒன்பது நாள் சொட்டுச் சொட்டாக வெளியே வருகிறது, பழைய ரத்தம் என்பதால்தான் அந்த டீத்தூள் நிறம். தேங்கியது மேலே கருப்பைக்குள்ளும் ஏறலாம், விந்தணுவுக்கும் கருவுக்கும் அது நல்ல இடமில்லை.

முதலில் மாத்திரை. கருத்தடை மாத்திரை கறையைக் குறைக்கும், ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனமும் பலருக்கு உதவும். இனிப் பிள்ளை வேண்டாம் என்பவரிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன், அறுவை பிறகு. அக்காவுக்குப் பிள்ளை வேண்டும், ஆக இது அடிபட்டுப் போனது.

இரண்டாவது ஹிஸ்டரோஸ்கோபி. வெளியே ஒரு கீறலும் இல்லை. யோனி வழியாகக் கேமராவை உள்ளே விட்டு, கம்பி வளையத்தால் அந்த வரப்பைச் சீவிவிடுவது, பள்ளத்தில் கசியும் ரத்தக் குழாய்களைச் சுட்டுவிடுவது. காலையில் போய் மாலையில் வீடு. நெதர்லாந்தில் 103 பெண்களை வைத்து 2018ல் வெளியான ஆய்வில், இதைச் செய்துகொண்டவர்களுக்குக் கறைபடும் நாள் எட்டிலிருந்து நாலாகக் குறைந்தது, செய்யாதவர்களுக்கு ஏழு. நல்ல பலன்தான். ஆனால் அந்த ஆய்வில் சுவர் 3 மி.மீ அல்லது அதற்கு மேல் இருந்தவர்களை மட்டும்தான் சேர்த்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டு இருப்பது மூத்திரப்பை. 1.8 மி.மீ சுவரில் சூடான வளையத்தை வைத்துச் சீவினால் ஓட்டை விழும், ஓட்டை மூத்திரப்பை வரை போகலாம். சிலர் எல்லையை 2.5 என்று வைக்கிறார்கள். எந்தக் கணக்கிலும் அக்கா தேறவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நோயாளிகளிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். வரப்பை வெட்டினால் தண்ணீர் வடியும். நிலம் உயராது. சீவிய பிறகு மெலிந்த சுவர் மெலிந்தபடியேதான் இருக்கும். அடுத்த கர்ப்பத்தில் அந்தச் சுவர்தான் தாங்க வேண்டும், கரு அந்தப் பள்ளத்திலேயே போய் உட்கார்ந்தாலோ, நச்சுக்கொடி தழும்புக்குள் ஊடுருவினாலோ உயிருக்கே ஆபத்து. ஆகவே 3 மி.மீ என்ற எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்பேன். கறை நின்றால் போதுமா, மறுபடி பிள்ளை சுமக்க வேண்டுமா? அதைக் கேட்ட பிறகுதான் அந்த எண்ணுக்கே அர்த்தம் வருகிறது. அக்காவிடம் முதல் இரண்டு இடத்திலும் யாரும் கேட்கவில்லை, எனக்குமே மூன்றாவது சந்திப்பில்தான் நேராகக் கேட்கத் தோன்றியது.

மூன்றாவது, குழியையே வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் தைப்பது. லாப்ரோஸ்கோபியில், அதாவது வயிற்றில் சிறு ஓட்டைகள் போட்டுக் கேமரா விட்டுச் செய்யலாம், யோனி வழியாகவும் செய்யலாம், வயிற்றைத் திறந்தும் செய்யலாம், ரோபோ வைத்திருக்கும் இடங்களில் ரோபோவிலும் செய்கிறார்கள். லாப்ரோஸ்கோபி முறையை பெல்ஜியத்தில் தோனே குழுவினர் 2008ல் விரிவாக எழுதினார்கள், அதன் பிறகுதான் பரவியது. யோனி வழி முறையில் வயிற்றில் ஓட்டை இல்லை, செலவும் குறைவு, கைதேர்ந்தவர் செய்தால் அருமையாக வரும். ஆனால் அக்காவுக்குச் சுகப்பிரசவமே ஆனதில்லை, கருப்பை மேலே தூக்கி ஒட்டியிருந்தது, கீழிருந்து கை எட்டாது. கருப்பையையே எடுத்துவிடுவதும் ஒரு வழி, பிள்ளை போதும், வேறு பிரச்சினையும் சேர்ந்திருக்கிறது என்பவர்களுக்கு. அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டோம்.

தைத்தால் கர்ப்பம் நிச்சயம் தங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்றும் சொன்னேன். கறை குறையும், சுவர் தடிக்கும், இந்த இரண்டையும் தைரியமாகச் சொல்ல முடியும். கர்ப்பம் விஷயத்தில் நம்பிக்கை தரும் அனுபவங்கள் உண்டு, உத்தரவாதம் கிடையாது. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “சரி லா டாக்டர், நிலத்தை உயர்த்திடுங்க” என்றார்.

இடையில் ஒரு நடைமுறைத் தலைவலி. மெடிக்கல் கார்டு, அதாவது மருத்துவக் காப்பீடு. குழந்தையின்மைச் சிகிச்சை என்று கடிதத்தில் ஒரு வார்த்தை வந்தால் போதும், பணம் கிடையாது என்று கைவிரித்துவிடுவார்கள். தனியாரில் இந்த அறுவைக்குப் பல்லாயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஆகும். அக்காவின் முதல் தொல்லையே கறைதான், ரத்தசோகையும் இருக்கிறது, அதனால் கடிதத்தில் அவற்றைத்தான் முதலில் எழுதினோம், பொய் ஒன்றும் இல்லை. அப்படியும் அனுமதி வர ஆறு வாரம் இழுத்தது.

அறுவை நாள்

கத்தி பிடித்தது என் மூத்த நிபுணர், கேமரா பிடித்தது நான். வயிற்றில் நாலு சிறு ஓட்டை. உள்ளே போனதும் தெரிந்தது, மூத்திரப்பை தழும்பின் மேல் ஏறி நன்றாக ஒட்டியிருந்தது. அதற்குள் உப்புநீர் நிரப்பி, அதன் விளிம்பு எங்கே முடிகிறது என்று பார்த்துப் பார்த்துக் கத்தரியால் பிரித்தார்கள். இந்த ஒரு வேலைக்கே நாற்பது நிமிஷம், அறுவையின் கஷ்டமெல்லாம் இங்கேதான் இருக்கிறது. இங்கே மின்சூட்டைக் கண்டபடி பயன்படுத்தினால் இரண்டு வாரம் கழித்து மூத்திரம் ஒழுகிக்கொண்டு வருவார்கள்.

பிரித்து முடித்த பிறகும் வெளியிலிருந்து பார்த்தால் குழி எங்கே என்று தெரியாது. அதற்கு ஒரு வித்தை. இன்னொரு மருத்துவர் கீழிருந்து ஹிஸ்டரோஸ்கோப்பை குழிக்குள் கொண்டுபோய் நிறுத்தினார், நான் என் கேமராவின் வெளிச்சத்தைக் குறைத்தேன். திரை முழுக்க இருட்டு, நடுவில் ஒரு இடம் மட்டும் சிவப்பாக ஒளிர்ந்தது, கையால் டார்ச்சை மூடினால் விரல் நடுவே தெரியுமே, அந்த மாதிரி. அவ்வளவு மெல்லிய சுவரோடுதான் இந்த அம்மா பிள்ளைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தார். தியேட்டரில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை.

ஒளிர்ந்த இடத்தைச் சுற்றி, ரத்தம் கசிவதைக் குறைக்க வாசோபிரஸின் நீர்த்துச் செலுத்தினார்கள். பிறகு தழும்பை ஓரம் ஓரமாகக் கத்தரித்து எடுத்தார்கள். வெள்ளையாக, ரப்பர் மாதிரி இருந்த திசு எல்லாம் போய், சிவந்து ரத்தம் கசியும் நல்ல தசை தெரியும் வரை வெட்ட வேண்டும். பாதியில் நிறுத்தினால் பழைய கதைதான், செத்த திசுவோடு செத்த திசு ஒட்டாது. கழுத்துப் பாதை தையலில் அடைபட்டுவிடாமல் இருக்க உள்ளே ஒரு உலோகக் குச்சியை விட்டு வைத்து, இரண்டு அடுக்காகத் தைத்து, மேலே வயிற்று உறையை மூடினார்கள். பின்பக்கம் மடிந்த கருப்பையை முன்னால் இழுத்து நிறுத்த, இரு பக்கமும் அதைப் பிடித்திருக்கும் உருண்டை நார்ப்பட்டைகளைச் சுருக்கித் தைத்தார்கள். இந்தக் கடைசி வேலை அவசியமா என்பதில் நிபுணர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. புதுத் தையலை இழுக்கும் சுமை குறையும் என்பது என் மூத்தவரின் கணக்கு, எனக்கும் அது சரியாகவே படுகிறது. கடைசியில் ஹிஸ்டரோஸ்கோப்பில் மறுபடி பார்த்தோம், பாதை நேராக இருந்தது. மொத்தம் இரண்டேகால் மணி நேரம், ரத்த இழப்பு 100 மி.லி அளவு.

மறுநாள் சிறுநீர்க் குழாயை எடுத்தோம், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார். மூன்று வாரம் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு. எடுத்த திசுவில் நார்த்தழும்பும் கொஞ்சம் கருப்பை உள்படலமும் இருந்ததாக அறிக்கை வந்தது, வேறு எதுவும் இல்லை.

பிறகு

முதல் மாதவிடாய் மோசம். கறை பத்து நாள். பயந்துபோய் ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப் செய்தார், தையல் பிரிந்துவிட்டதா என்று. உள்ளே கரையும் நூல் இருக்கிறது, முதல் ஒன்றிரண்டு மாதம் கணக்கில் வராது என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லவில்லை. இரண்டாம் மாதம் நாலு நாள். மூன்றாம் மாதத்திலிருந்து இரண்டு நாள், ஒரு மாதம் மட்டும் மூன்று. பூஜ்யம் ஆகவில்லை. மூன்று மாத ஸ்கேனை இந்தத் தடவை 9ஆம் நாளிலேயே செய்தேன். சுவர் 6.3 மி.மீ, அதில் 2 மி.மீக்குச் சற்று மேல் ஒரு சின்னப் பள்ளம் மிச்சம். வரையறைப்படி அதுவும் குழிதான். ஆனால் அதில் எதுவும் தேங்கவில்லை, விட்டுவிட்டோம்.

ஆறு மாதம் கர்ப்பம் கூடாது என்று சொல்லியிருந்தோம், தையல் இறுக நேரம் வேண்டும். அது முடிந்து இப்போது மூன்று மாதம் ஆகிறது, இன்னும் தங்கவில்லை. வயது 36ஐ நெருங்குவதால் ரொம்ப நாள் காத்திருக்க வைக்கப் போவதில்லை, அடுத்து கருத்தரிப்பு மருத்துவரிடம் அனுப்புகிறேன்.

தங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன் என்பதைவிட, எழுத வைத்தார் என்பதுதான் சரி. நாள் தள்ளியதும் ஆறாவது வாரத்தில் ஸ்கேன், கரு மேலே இருக்கிறதா, தழும்பில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு நச்சுக்கொடி எங்கே ஒட்டுகிறது என்று பார்க்க வேண்டும். பிரசவ வலிக்குக் காத்திருக்கக் கூடாது, 37, 38 வாரத்தில் நாள் குறித்து சிசேரியன். நடுவில் தழும்பில் வலி வந்தால் கிளினிக்கில் வரிசையில் நிற்காமல் நேரே ஜிஎச், அதாவது அரசு மருத்துவமனை. இதைத் தமிழில் எழுதியிருந்தேன். வாங்கிப் படித்துவிட்டு, “மிஸிக்கு (நர்ஸுக்கு) எப்படிப் புரியும் டாக்டர்?” என்று திருப்பிக் கொடுத்தார். மலாயில் மறுபடி எழுதிக் கொடுத்தேன். கர்ப்பம் ஆனதும் கர்ப்பிணிகளுக்குத் தரும் பிங்க் பதிவுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுவதாகச் சொல்லி, மடித்துப் போன் கவருக்குள் வைத்துக்கொண்டார்.

எழுந்து போகும்போது நாட்காட்டியை எடுத்துக் காட்டினார். வரப்போகும் தைப்பூசம் அவருக்குச் சுழற்சியின் 19ஆம் நாளில் விழுகிறது, ஏற்கெனவே எண்ணி வைத்திருக்கிறார். நாலு ஓட்டை போட்ட வயிற்றோடு அத்தனை படி ஏறலாமா என்பது மட்டும்தான் அவர் கேள்வி. ஏறலாம் என்றேன்.